சைட் ஸ்டாண்ட் சுவிட்சை ‘டைரக்ட்’ செய்துவிடலாமா? பழைய பைக்குகளின் பாதுகாப்பு சுவிட்சுகள்

கேள்வி இதுதான்: இருபது, முப்பது வருடம் ஓடிய பைக். நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. சில நாள் செல்ஃப் எடுக்கிறது, சில நாள் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. சைட் ஸ்டாண்ட் சுவிட்சின் ஒயரை வெட்டி முறுக்கி, சுவிட்சே இல்லாமல் ‘டைரக்ட்’ செய்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும், வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேரவும் செய்யலாம். நிரந்தரமாக வேண்டாம். அதைவிட முக்கியம், எந்த ஒயரை எதோடு சேர்க்கிறீர்கள் என்பது. நியூட்ரல், கிளட்ச், சைட் ஸ்டாண்ட் மூன்றும் ஒரே சர்க்யூட்டில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் தவறாகச் சேர்த்தால் மற்றவையும் சத்தமில்லாமல் செத்துப்போகும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

முதலில் சர்க்யூட். பழைய ஹோண்டாக்களின் அமைப்பு புரிந்துவிட்டால் மற்றவை எளிது. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்தான் செல்ஃப் ரிலே. அதன் காயிலுக்கு ஒரு முனையில் ஸ்டார்ட் பட்டன் வழியாக 12 வோல்ட் வருகிறது. மறுமுனை எர்த் ஆனால்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்தால்தான், ரிலே இழுக்கும். எர்த்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக நியூட்ரல் சுவிட்சுக்கு. மற்றொன்று, கிளட்ச் சுவிட்சைக் கடந்து சைட் ஸ்டாண்ட் சுவிட்சுக்கு. கிளட்ச், ஸ்டாண்ட் சுவிட்சுகள் இரண்டும் தொடராக இருப்பதால் கிளட்ச் பிடித்து, ஸ்டாண்டும் மேலே இருந்தால்தான் அந்தப் பாதை முழுமையாகும். இக்னிஷன் யூனிட்டும் இதேபோல ‘நியூட்ரல் அல்லது ஸ்டாண்ட் மேலே’ என்ற எர்த்தைப் பார்த்துத்தான் ஸ்பார்க் விடுகிறது. கிளட்ச் பிடித்திருந்தாலும் ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணைவது இதனால்தான்.

யமஹாவில் இந்த வேலையில் ஒரு பகுதி தனி ரிலே யூனிட்டுக்குள்ளும், பழைய கவாசாகிகளில் ஃபியூஸ் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் நடக்கிறது. அந்த பாக்ஸின் உள்ளே சாலிடர் விரிசல் விட்டால், சூடானதும் வந்து ஆறியதும் போகும் பேய்க்கோளாறு கிடைக்கும். பல சுசுகிகளில் நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். சில ஐரோப்பிய பைக்குகளில் ஸ்டாண்ட் கீழே இருந்தால் நியூட்ரலிலும் இன்ஜின் ஓடாது. இவை இரண்டும் கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. தெரியாமல் பிரித்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது ரிலே ‘டிக்’ என்றால் பாதுகாப்பு சுவிட்சுகளின் சங்கிலி சரியாக இருக்கிறது என்று பொருள். பேட்டரியையும், ரிலேயின் தடித்த முனைகளையும், செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். ‘டிக்’ இல்லாவிட்டால்தான் சங்கிலியைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மீண்டும் பாருங்கள்.

அறிகுறியை வைத்தே பாதி தூரம் போய்விடலாம். நியூட்ரலில் ஓடி, ஸ்டாண்ட் மேலே இருந்தும் கியர் போட்டவுடன் அணைந்தால் கோளாறு சைட் ஸ்டாண்ட் சர்க்யூட்டில். நியூட்ரலில் செல்ஃப் எடுத்து, கியரில் கிளட்ச் பிடித்தும் எடுக்கவில்லை, ஆனால் ஓடும்போது அணைவதில்லை என்றால் கிளட்ச் சுவிட்ச். நியூட்ரலில் ஸ்டாண்டைப் போட்டதும் அணைகிறதா? பலரும் ஸ்டாண்ட் சுவிட்சைக் குறை சொல்வார்கள். உண்மையில் வண்டி நியூட்ரலில் இருப்பது இக்னிஷனுக்குத் தெரியவில்லை. நியூட்ரல் விளக்கும் எரியாவிட்டால் நியூட்ரல் சுவிட்சையோ அதன் ஒயரையோ பாருங்கள். விளக்கு எரிந்தும் செல்ஃப் எடுக்க கிளட்ச் பிடிக்க வேண்டியிருந்தால் டயோடு திறந்துபோயிருக்கிறது. ஸ்டாண்ட் மேலே இருக்கும்போது, கியரில் கிளட்சைப் பிடித்தவுடன் நியூட்ரல் விளக்கு எரிந்தால் அதே டயோடு ஷார்ட். விளக்கின் பல்பு மட்டும் ஃபியூஸ் போனால் செல்ஃபுக்கு ஒன்றும் ஆகாது.

டயோடு மலிவான பொருள்தான், பலர் மறந்துபோகும் பொருளும் அதுதான். மல்ட்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், திருப்பி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. அசல் பாகம் கிடைக்காவிட்டால் 6 ஆம்பியர் டயோடு ஒன்றைப் போடலாம். வெள்ளைக் கோடு உள்ள முனை நியூட்ரல் சுவிட்ச் பக்கம் வர வேண்டும். 1 ஆம்பியர் டயோடு தாங்காது. ரிலே காயில் சுமார் 4 ஓம் என்றால் ஓடுவது 3 ஆம்பியர்.

அந்த 3 ஆம்பியரை மறந்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டரின் ‘பீப்’ 20, 30 ஓம் தடை இருந்தாலும் அடிக்கும். ஆனால் அதே பாதையில் 1 ஓம் கூடினாலே சுமார் 2.4 வோல்ட் அங்கேயே போய்விடும், ரிலே இழுக்கத் தடுமாறும். எனவே பீப்பை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். சுவிட்ச் மூடிய நிலையில் 0.5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் ஒயர்களின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமான முறை, கரன்ட் ஓடும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட் பார்ப்பது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெரும்பாலும் சுவிட்ச் கெடுவதில்லை, கனெக்டர்தான் கெடுகிறது. சைட் ஸ்டாண்ட் சுவிட்சின் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் இடது பக்க மூடிக்குப் பின்னாலோ பேட்டரி அருகிலோ கனெக்டர் இருக்கும். பிரித்துப் பாருங்கள். செம்பில் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பெண் முனையின் பிடிப்பைச் சிறிய ஊசியால் லேசாக இறுக்கி, சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். பாதி வண்டிகள் இதோடு சரியாகிவிடும். ஒயர் ஸ்டாண்டின் அசைவோடு மடங்கி மடங்கி, உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மீட்டரை மாட்டிவிட்டு ஒயரை இழுத்து, வளைத்துப் பாருங்கள். உறை ரப்பர்போல நீண்டு கொடுத்தால் உள்ளே செம்பு இல்லை.

சுவிட்சே என்றால், அது எந்த வகை என்று பாருங்கள். பழையவற்றில் இரண்டு வகைகள்தான் அதிகம். ஸ்டாண்ட் அழுத்தும் சிறு தண்டு உள்ள பிளஞ்சர் வகை, ஸ்டாண்டின் பிவட் போல்டிலேயே உட்காரும் சுழல் வகை. பிளஞ்சர் வகையில் செயின் எண்ணெயும் மண்ணும் கலந்து கல்லாக இறுகி, பிளஞ்சர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது கவனம்: ஜப்பானிய பைக்குகளின் சிலுவை ஸ்குரூக்கள் சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்குரூடிரைவருக்குப் பொருந்தாமல் வழுக்கி, தலை சிதைந்துவிடும். ஜிஸ் (JIS, ஜப்பானியத் தரம்) முனை உள்ள ஸ்குரூடிரைவரை வைத்து, பின்னால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். மண்ணெண்ணெயில் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, பிளஞ்சர் பக்கத்தில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது நாற்பது முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் உயிர் வரும். கார்புரேட்டர் கிளீனரை இங்கே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தின்றுவிடும். சீல் செய்த சுழல் வகையைப் பிளக்க முயல்வது வீண். அசைக்கும்போது எண் துள்ளினால் மாற்றிவிடுங்கள்.

சுவிட்ச் நல்லதாக இருந்தும் மேடு பள்ளத்தில் இன்ஜின் ஒரு கணம் விக்கினால் ஸ்டாண்டையே பாருங்கள். மீட்டரை மாட்டிக்கொண்டு, மேலே தூக்கிய ஸ்டாண்டின் நுனியை 1 சென்டிமீட்டர் கீழே இழுத்து விடுங்கள். அதற்கே எண் துள்ளினால் குற்றவாளி ஸ்பிரிங்கோ தேய்ந்த பிவட் போல்டோதான். பல வண்டிகளில் ஸ்பிரிங் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருக்கும். உள்ளே இருப்பது உடைந்தால் ஸ்டாண்ட் மேலே போகும், ஆனால் தளர்ந்து தொங்கும். பிவட் போல்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, போல்டை இறுக்கி, ஸ்டாண்ட் தடையில்லாமல் ஆடும் அளவுக்குக் கொஞ்சம் பின்வாங்கி, பிறகு லாக் நட்டை இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது சுவிட்சை மாட்டினால் அதுவும் அதே பள்ளத்தில் விக்கும்.

நியூட்ரல் சுவிட்ச் பெரும்பாலும் முன் ஸ்புராக்கெட் மூடிக்குள், கியர் டிரம்மின் நுனியில் இருக்கும். அதன் ஒற்றை ஒயர் செயின் அழுக்கில் ஊறி முனையிலேயே கழன்றிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஒயரைப் பிடுங்கி இன்ஜினின் உலோகத்தில் தொட்டால் விளக்கு எரிந்ததா? ஒயர் நல்லது, சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. ஆயில் கசிவு இருந்தால் ஓ-ரிங்கையோ வாஷரையோ சேர்த்தே மாற்றுங்கள். சுசுகியின் மூடி வகையில், இரண்டு ஸ்குரூவைக் கழற்றியதும் உள்ளிருந்து சிறு பின்னும் ஸ்பிரிங்கும் குதித்து விழும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். அருகில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சும் ஒற்றை ஒயர்தான். மாற்றி மாட்டிவிட வேண்டாம்.

கிளட்ச் சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லீவரை மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால், புது லீவரின் நாக்கு சுவிட்சின் பிளஞ்சரைச் சரியாக அழுத்தவில்லை அல்லது விடவில்லை. கிளட்ச் கேபிள் மிகத் தளர்வாக இருந்தாலும் அப்படி ஆகும். பழைய ஹோண்டாவில் சுவிட்சைக் கழற்ற, பக்கத்துத் துளைக்குள் இருக்கும் சிறு கொக்கியை அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும். இழுத்தால் உடையும்.

ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்க இருக்கும் கில் சுவிட்ச் தனிக்கதை. இதில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வகைகள் உண்டு. பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் போகும் வண்டிகளில் கில் சுவிட்ச் அந்தப் பாதையை வெட்டுகிறது. சோதிக்க ஒயர்களைச் சேர்க்க வேண்டும். பேட்டரி இல்லாமல் இன்ஜின் சுழற்சியிலேயே மின்சாரம் எடுக்கும் மேக்னெட்டோவில் ஓடும் சிடிஐ (எலெக்ட்ரானிக் ஸ்பார்க் யூனிட்) வண்டிகளில் கில் சுவிட்ச் சிடிஐயின் ஒயரை எர்த் செய்து அணைக்கிறது. சோதிக்க ஒயரைப் பிரிக்க வேண்டும், சேர்த்தால் ஒருபோதும் ஸ்டார்ட் ஆகாது. சில சிறிய வண்டிகளில் சைட் ஸ்டாண்ட் சுவிட்சும் இந்த எர்த் வகைதான். ஆகவே எதையும் சேர்ப்பதற்கு முன், சுவிட்ச் எந்த நிலையில் மூடுகிறது என்று மீட்டரில் பாருங்கள்.

பேட்டரி இக்னிஷன் வண்டிகளில் கில் சுவிட்ச் முழுசாகக் கெடாமலேயே தொல்லை தரும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, அதிக வேகத்தில் இழுவை குறையும், கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். பேட்டரியின் பாசிட்டிவில் மீட்டரின் சிவப்பையும், காயிலின் பாசிட்டிவ் முனையில் கறுப்பையும் வைத்து, சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காயில் சூடாகும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும். 0.5 வோல்ட் வரை பரவாயில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் வலது கை சுவிட்ச் பாக்ஸைத் திறக்க வேண்டியதுதான். சிறு ஸ்பிரிங்கும் குண்டும் பறக்கும் என்பதால், பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறப்பது நல்ல பழக்கம். செம்பு முகங்களை 1000 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, சாலிடர் விட்ட ஒயர்களை மீண்டும் பற்றவைத்து, துளி கிரீஸோடு மூடுங்கள்.

சுத்தம் செய்தும் வோல்ட் குறைந்தால் ஒரு ரிலே போடலாம். இதனால் எந்தப் பாதுகாப்பும் போகாது. காயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஒயரை ரிலேயின் 86 என்ற எண் உள்ள முனையில் கொடுத்து, 85-ஐ எர்த் செய்யுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு ஒரு ஒயர், 87-இலிருந்து காயில்களுக்கு ஒரு ஒயர், 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில். கில் சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இழுக்கும். அதில் ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. சிடிஐ வண்டிக்கு இது பொருந்தாது.

இனி டைரக்ட் செய்யும் விஷயம். நியூட்ரல், சைட் ஸ்டாண்ட், கிளட்ச் ஆகிய மூன்றில் மிக ஆபத்தானது நியூட்ரல் ஒயரை எர்த் செய்து வைப்பது. செல்ஃப் எடுக்காத வண்டியில் இதைச் செய்தால் உடனே எல்லாம் வேலை செய்வதால் பலருக்கும் கை இதற்குத்தான் போகிறது. ஆனால் அதன்பிறகு வண்டி எப்போதும் நியூட்ரலில் இருப்பதாகவே இக்னிஷன் நம்பும். சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் புதிதாக இருந்தாலும் பயனில்லை. கிளட்ச் பிடிக்காமல் கியரிலேயே செல்ஃப் எடுத்து வண்டி முன்னே பாயும். நியூட்ரல் விளக்கு எப்போதும் எரிந்து, கியரில் நிற்கும் வண்டியின் கிளட்சை விடச் சொல்லும். சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி விட்டுவிடுங்கள்; ஸ்டாண்டை மேலே தூக்கி, கிளட்ச் பிடித்து ஸ்டார்ட் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும்.

சைட் ஸ்டாண்ட் சுவிட்சை டைரக்ட் செய்வது அடுத்த ஆபத்து. ஸ்டாண்டை மறந்து கிளம்பி, இடது வளைவில் சாய்ந்ததும் ஸ்டாண்ட் தரையில் ஊன்றி, பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். இதனால்தான் 1974-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் 123-ஆம் எண் பாதுகாப்பு விதி, ஓடும்போது தரையில் பட்டால் ஸ்டாண்ட் பின்னோக்கி மடங்க வேண்டும் என்றது. சில பழைய ஹோண்டாக்களின் ஸ்டாண்ட் நுனியில் இருக்கும் ரப்பர் நாக்கும் இதற்காகத்தான். அது உங்கள் வண்டியில் இருந்தால் தேய்மானக் கோட்டைத் தாண்டும் முன் மாற்றுங்கள். கிளட்ச் சுவிட்சை டைரக்ட் செய்வதுதான் மூன்றில் குறைந்த தீமை. நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உள்ளவருக்குச் சில நாட்கள் ஓட்டலாம், வண்டியை இரவல் கொடுக்கும் நாள் வரை.

வழியில் நின்றுவிட்டால் செய்யும் முறை இது. ஒயரை வெட்டாதீர்கள். ஸ்டாண்ட் சுவிட்சின் கனெக்டரைப் பிரித்து, சுவிட்ச் பக்கத்தை மீட்டரில் பாருங்கள். ஸ்டாண்ட் மேலே இருக்கும்போது மூட வேண்டிய வகை என்றால், வண்டியின் ஒயரிங் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளையும் சிறு ஒயர்த் துண்டால் இணைத்து டேப் சுற்றுங்கள். மூன்று ஒயர் இருந்தால் மூன்றையும் சேர்க்காதீர்கள். ஹோண்டாவில் பச்சை-வெள்ளையையும் பச்சையையும் மட்டும் சேர்க்க வேண்டும். மஞ்சள்-கறுப்பு ஸ்டாண்ட் விளக்குக்கானது. எர்த் ஒயரின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசுகியில் கறுப்பு-வெள்ளை, கவாசாகியில் கறுப்பு-மஞ்சள். சுசுகியில் பழகிய கையோடு ஹோண்டாவின் கறுப்பு-வெள்ளையை எர்த் செய்தால், அது கில் சுவிட்சின் ஒயர் என்பதால் ஃபியூஸ் பறக்கும் அல்லது இன்ஜின் அணையும். டைரக்ட் செய்த நாளில் சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள், கழற்றும் வரை அது தொங்கட்டும்.

அசல் ஸ்டாண்ட் சுவிட்ச் எங்கும் கிடைக்காத வண்டிகளுக்கு சீல் செய்த ரீட் சுவிட்சும் காந்தமும் நல்ல மாற்று. ஸ்டாண்ட் முழுசாக மேலே வந்ததும் காந்தம் அருகில் வந்து சுவிட்ச் மூடும்படி பொருத்துங்கள். ஆனால் ரீட் சுவிட்ச் பொதுவாக 0.5 ஆம்பியர் அளவுதான் தாங்கும். செல்ஃப் ரிலேயின் 3 ஆம்பியரை அதன் வழியாக விட்டால் முனைகள் ஒட்டிக்கொண்டு, ஸ்டாண்ட் எப்போதும் மேலே இருப்பதாகப் பொய் சொல்லும். இடையில் ஒரு சிறு ரிலேயைப் போட்டு ரீட் அதை மட்டும் இயக்கட்டும். அந்த ரிலேயின் காயில்மீது 1என்4007 டயோடு ஒன்றை, கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் வரும்படி மாட்டுங்கள்.

பிரேக் விளக்கு சுவிட்சுகளையும் இதோடு பார்த்துவிடுங்கள். பின் பிரேக்கில் நட்டைத்தான் திருப்ப வேண்டும், சுவிட்சின் உடலைத் திருப்பினால் உள்ளே ஒயர் முறுக்கி அறும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். எரிபொருள் பம்ப் உள்ள வண்டிகளில் சாய்வு சென்சார் இருந்தால், அதில் உள்ள அம்புக்குறி மேலே பார்க்கும்படி மாட்டுங்கள். அதை டைரக்ட் செய்ய எந்தக் காரணமும் இல்லை; செய்தால் விழுந்து கிடக்கும் வண்டியில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாதபடி சோதியுங்கள். சக்கரத்தின் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. நியூட்ரலில், சைட் ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி ஓட வேண்டும் (மேலே சொன்ன ஐரோப்பிய வகை தவிர). அப்படி ஓடும்போது கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்டால் உடனே அணைய வேண்டும். ஸ்டாண்ட் மேலே, கியரில், கிளட்ச் பிடித்து: செல்ஃப் எடுக்க வேண்டும். ஓடும்போது ஸ்டாண்டைக் கையால் ஆட்டினாலும் விக்கக் கூடாது. கில் சுவிட்சைத் தட்டினால் அணைய வேண்டும். கடைசியாக, ஸ்டாண்ட் மேலே, கியரில், கிளட்ச் விட்டு, பட்டனை ஒரு கணம் தொடுங்கள். செல்ஃப் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் நியூட்ரல் விளக்கைப் பாருங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. எரியாவிட்டால் கிளட்ச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பழைய உரிமையாளர் ஹெட்லைட் கூட்டுக்குள் எங்கோ ஒயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்.